ஜன்னல் ஓரத்து வைஸ்

செய்தி வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பகல் பன்னிரண்டரை மணி இருக்கும். போனில் மைதீனின் தம்பி பேசினார். "அண்ணாச்சி, அண்ணன் மௌத்தாயிட்டாங்க. காலையில நெஞ்சு அடைக்குன்னாங்க. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலயே முடிஞ்சிட்டு. அசர் தொழுகைக்குப் பெறவு அடக்கம்."

"சரி" என்றேன். வேலை முடிய இன்னும் பதினொரு நிமிடம் என்று திரை காட்டியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து பதினொரு நிமிடமும் பார்த்துக்கொண்டிருந்தேன். முடிந்ததும் துண்டைக் கழற்றினேன். பிசிறு தட்டினேன். அளந்து பார்த்துப் பெட்டியில் போட்டேன். அளவு சரியாக இருந்தது. அதற்குப் பிறகுதான் மெயினை அணைத்துவிட்டுக் கடையநல்லூர் பஸ் ஏறினேன்.

இதை நான் எழுத வேண்டியதில்லை. நம் பட்டறைக்காரர்கள் சங்கத்தின் நோட்டீஸில் செயலாளர் நான்கு வரி எழுதிப் போட்டுவிட்டார். "எலெக்ட்ரீஷியன் திவான் மைதீன் அவர்களின் மறைவுக்கு ஆழ்ந்த வருத்தம்" என்று. எலெக்ட்ரீஷியன். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எட்டுப் பத்துப் பட்டறைகளில் கையால் சுற்றிக்கொண்டிருந்த மெஷின்களுக்கு, தானாக ஓட்டும் கம்ப்யூட்டர் கண்ட்ரோல் பொருத்திக் கொடுத்தவர் அவர். எந்தக் கூட்டத்திலாவது அவரை மேடையில் பேசச் சொன்னோமா? பட்டம் வாங்கியவர்களைக் கோட்டுப் போட்டு உட்கார வைத்தோம். மைக் இரைந்தபோது மட்டும் "பாய், கொஞ்சம் வயரைப் பாருங்க" என்று அவரைக் கூப்பிட்டோம். நானும் அந்தக் கூட்டங்களில் இருந்தேன். வாயைத் திறக்கவில்லை. செயலாளரிடம் இதைச் சொன்னபோது, "அப்படீன்னா நீங்களே எழுதிக் குடுங்க அண்ணாச்சி" என்றார். எழுதுகிறேன். அவரை அறிந்தவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

மைதீன் என்னிடம் முதலில் வந்தது ஒரு மோட்டார் தகட்டில் நான்கு துளை போட்டு வாங்க. திருவேங்கடம் சாலைப் பட்டறைக்கு நான் மாறி வந்த புதிது. கையில் ஒரு துணிப்பை. பைக்குள் ஸ்க்ரூ டிரைவர்களோடு ஏழெட்டு எலுமிச்சம்பழம். புளியங்குடியில் பஸ் நிற்கும்போது மண்டி வாசலில் கழித்துப்போட்ட பழங்களைப் பொறுக்கி வருவார். வேலை முடிந்ததும் ஒன்றை நறுக்கிக் கையில் தேய்த்து எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பார். அன்று தகட்டைக் கொடுத்ததும் தன் அளவுகோலை எடுத்து அளந்தார். நான் கொடுத்ததை என் முன்னாலேயே ஒருவர் அளப்பது அதற்கு முன் நடந்ததில்லை.

"யாருவே நீரு? என் வேலையை எங்கிட்டயே அளந்து பாக்கீரு?"

"கோவிச்சுக்கிடாதீய அண்ணாச்சி. என் வாப்பா குடுத்தாலும் அளப்பேன். அவுக தையக்காரருதான், அளந்தா சந்தோசப்படுவாக."

மைதீன் இருபது வருடத்துக்கு மேல் வளைகுடாவில் இருந்தவர். அங்கே ஒரு பட்டறையில் இரும்புச் சுருள் அள்ளும் வேலைக்குப் போய்ச் சேர்ந்து, இரவல் வாங்கிய கையேடுகளைப் படித்துக் கண்ட்ரோல் வேலை கற்றவர். எனக்கும் யாரும் சொல்லித் தரவில்லை. லேத்தும் மில்லிங்கும் நானே கெடுத்து நானே கற்றவை. அதனால் ஒத்துப்போனோம் என்று சொல்ல மாட்டேன். அதனால்தான் சண்டை போட்டோம். தானே கற்றவனிடம் நீ கற்றது தப்பு என்று யாரும் சொல்லிவிட முடியாது.

எனக்கு வலது தோள் போனது ஐந்து வருடத்துக்கு முன். ஹேண்டில் சுற்றிச் சுற்றித் தேய்ந்துவிட்டது, இனிமேல் சுற்றினால் கையைத் தூக்கவே முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். விசைத்தறிக்குப் போகும் பிராக்கெட்டுகளில் காடி வெட்டுவதுதான் என் பிழைப்பு. காடி என்றால் இரும்பில் நேராக ஓடும் ஒரு பள்ளம். அதன் அகலம் முதலிலிருந்து கடைசி வரை ஒன்றாக இருக்க வேண்டும். இந்த ஊர்த் தறிக்கூடங்களில் என் காடியை யாரும் திருப்பி அனுப்பியதில்லை. தோள் போனால் பட்டறையைப் பூட்ட வேண்டும். பூட்டிவிட்டு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. மைதீன்தான் சொன்னார். "பழைய மில்லிங் மெஷின் ஒண்ணு பாப்போம். ஹேண்டிலைக் கழத்திட்டு மோட்டாரும் கண்ட்ரோலும் போட்டுத் தாரேன். நீங்க உக்காந்து நம்பரை அடிச்சாப் போதும்." என் மெஷினிலேயே போடலாமே என்றேன். அதில் மோட்டார் உட்கார இடமில்லை என்றார். அது உண்மை.

கோயம்புத்தூரில் பழைய மெஷின்கள் விற்கும் ஒரு குடோனுக்கு இருவரும் போனோம். வாசலிலேயே ஒரு மெஷின் நின்றது. புதுப் பச்சைப் பெயிண்ட். சுவிட்சைப் போட்டால் ஓடியது. ஹேண்டிலைச் சுற்றினால், வெட்டும் துண்டைச் சுமந்து நகரும் டேபிள் வெண்ணெயில் போவது போலப் போனது. பின்பக்கம் சாக்குக்கு அடியில் இன்னொன்று கிடந்தது. துரு, உரிந்த பெயிண்ட், எரிந்த மோட்டார், எலி கடித்த வயர்கள். நான் பச்சையின் பக்கம் நின்றேன். மைதீன் சாக்கை விலக்கிவிட்டுக் குனிந்து, துருப்பிடித்ததன் டேபிள் ஓடும் தடத்தை எண்ணெய்த் துணியால் துடைத்தார்.

"அண்ணாச்சி, இங்கன வாங்க. பிறை தெரியுது பாருங்க."

புது மெஷினில் தடத்தைச் சுரண்டி மட்டம் செய்யும்போது சின்னச் சின்னப் பிறை போன்ற தழும்புகள் விழும். ஓடி ஓடித் தேய்ந்தால் முதலில் அழிவது அவைதான். துருப்பிடித்த மெஷினில் நடுவிலும் அவை இருந்தன. பச்சை மெஷினில் ஓரங்களில் மட்டும் இருந்தன. நடுவில் கண்ணாடி மாதிரி வழுவழுப்பு.

"ஓடாத மெஷினை எதை நம்பி வாங்கச் சொல்லுதீரு?" என்றேன்.

"மோட்டாரு, வயரு, ஸ்க்ரூ எல்லாத்தையும் நாம கழத்தித் தூரப் போடப்போறோம். தூரப் போடுததைப் பாத்து மெஷின் வாங்கக் கூடாது அண்ணாச்சி. கடைசி வரைக்கும் கூட இருக்கப்போறது இரும்பு மட்டுந்தான்."

ஓடாத மெஷினை வாங்கக் கூடாது என்றுதான் இன்றும் சொல்வேன். வெட்டும் கத்தியைச் சுழற்றும் ஸ்பிண்டில் எப்படி இருக்கிறது என்று சுழலாமல் தெரியாது. அன்றும் அதைத்தான் சொன்னேன். சொல்லிவிட்டுப் பச்சை மெஷினில் ஒரு இரும்புத் துண்டைக் கட்டி, தோள் வலியோடு ஒரு காடி வெட்டினேன். அளந்தேன். முதலிலிருந்து கடைசி வரை ஒரே அகலம். குடோன்காரர் "பெரியவரு கை வெச்சாத் தெரிஞ்சுருதுங்க" என்றார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மைதீன் அளக்கவில்லை. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார்.

"அண்ணாச்சி, வெட்டும்போது உங்க இடது கை என்ன செஞ்சுது, தெரியுமா?"

"என்ன செஞ்சுது? சும்மா இருந்துது."

"சும்மா இல்ல. இன்னொண்ணு வெட்டுங்க."

வெட்டினேன். அப்போதுதான் நானும் பார்த்தேன். என் இடது கை டேபிளைப் பூட்டும் சின்ன லீவரின் மேல் இருந்தது. டேபிளில் ஆட்டம் தெரிந்த இடத்தில் லீவரை ஒரு இம்மி இறுக்கியது. இறுக்கமான இடத்தில் தளர்த்தியது. எத்தனை வருடமாக அப்படிச் செய்கிறது என்று எனக்குத் தெரியாது. என் பழைய மெஷினும் தேய்ந்ததுதான்.

"இப்ப நான் வெட்டுதேன்" என்று மைதீன் ஒரு கையால் மட்டும் ஹேண்டிலைச் சுற்றினார். காடி அகன்று, சுவர் அலையடித்து வந்தது. "மெஷின் வெட்டல அண்ணாச்சி. நீங்க வெட்டுதீய. உங்க கை நல்லா இருக்கு, மெஷின் நல்லா இல்ல. கண்ட்ரோலுக்கு இடது கை கெடயாது."

சொன்னது சரிதான். ஆனால் குடோன்காரரும் அவருடைய ஆட்களும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இன்னும் கொஞ்ச நாளில் இல்லாமல் போகப்போகிற கையைப் பற்றி அத்தனை பேர் முன்னால் பேச்சு. "வயரை நீரு பாரும்வே. இரும்பை நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். பச்சை மெஷினைப் பேசி முடித்தேன். திரும்பி வரும் பஸ்ஸில் அவர் முன் சீட்டில், நான் பின் சீட்டில். ராஜபாளையத்தில் இறங்கி இரண்டு டீ வாங்கி வந்தார். ஒன்றை என்னிடம் நீட்டினார். வாங்கிக் குடித்தேன்.

மெஷின் லாரியில் வந்து இறங்கியது. மைதீனை நான் கூப்பிடவில்லை. மூன்று வாரம் கழித்து அவரே வந்து நின்றார். ஆடித் தபசுத் திருவிழாக் கூட்டத்துக்காகப் பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். பையோடு அவ்வளவு தூரம் நடந்து வந்திருந்தார்.

"கூப்பிடவே இல்லியே" என்றார்.

"வருவீருன்னு தெரியும்."

"தெரியுதுல்லா. அப்பம் ஒரு தண்ணி குடுங்க."

ஒரு மாதம் வேலை பார்த்தார். டேபிளை நகர்த்தும் ஸ்க்ரூக்களை மாற்றினார், மோட்டார் பொருத்தினார், ஒவ்வொரு வயருக்கும் நம்பர் போட்டார். கோயம்புத்தூர்ப் பேச்சை ஒரு நாளும் எடுக்கவில்லை. நான் எடுப்பேன் என்று காத்திருந்தாரோ என்னவோ, தெரியாது. நான் எடுக்கவில்லை.

முதல் காடி வெட்டிய நாளன்று துண்டை வைஸில், அதாவது அதை அசையாமல் பிடிக்கும் இடுக்கியில், கட்டினோம். வைஸ் டேபிளின் நடுவில் இருந்தது. எல்லாப் பட்டறையிலும் அது இருக்கும் இடம் அதுதான். மெஷின் தானாக ஓடியது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். காடி அகன்று, சுவர் அலையடித்து வந்தது. குடோனில் அவர் வெட்டியது எப்படியோ அப்படியே. நான் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தோன்றியது ஒன்றுதான். இனிப் பட்டறை இல்லை.

மைதீன் துண்டை வாங்கி அளந்தார். "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று வெளியே போனார். அரை மணி நேரம் கழித்து வந்தார். ஸ்பேனரை எடுத்து வைஸைக் கழற்றினார். தூக்கிக்கொண்டு போய் டேபிளின் இடது ஓரத்தில், ஜன்னல் பக்கமாக, வைத்துக் கட்டினார். டேபிளுக்குப் பக்கத்தில் செருகியிருக்கும் ஜிப் என்ற பட்டையை, அந்த ஓரத்தில் ஆட்டம் இல்லாதபடி இறுக்கினார். எல்லாரும் நடுவில் வைத்தே வேலை செய்ததால் நடு தேய்ந்திருந்தது. ஓரம் தேயவில்லை. அங்கே பிறைகள் இருந்தன. நீள வேலை செய்ய முடியாது. ஆனால் என் பிராக்கெட்டுக்கு ஒரு சாண் ஓட்டம் போதும். மெஷின் இரண்டாவது காடியை வெட்டியது. ஒரே அகலம்.

இதையெல்லாம் அவர் விளக்கிச் சொல்லியிருக்கலாம். "சொன்னேன்லா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். கையில் எலுமிச்சை தேய்த்துக்கொண்டே, "இங்கன ஜன்னல் வெளிச்சம் நல்லா இருக்கு அண்ணாச்சி. இங்கனயே இருக்கட்டும்" என்றார்.

அதன்பின் வந்தவர்கள் எல்லாரும் வைஸ் ஏன் ஓரத்தில் இருக்கிறது என்று கேட்டார்கள். ஜன்னல் வெளிச்சத்துக்காக என்று சொன்னேன். நான்கு வருடம் சொன்னேன். ஒரு முறை செயலாளர் வந்திருந்தபோது மைதீனும் இருந்தார். செயலாளர் ஜன்னலை எட்டிப் பார்த்தார்.

"என்ன அண்ணாச்சி, வெளிய பக்கத்துக் குடோன் சுவருல்லா நிக்கி? வெளிச்சம் எங்கேருந்து வருது?"

நான் பதில் தேடுவதற்குள் மைதீன் முந்திக்கொண்டார். "அது வெள்ளையடிச்ச சுவரு. வெயிலைத் திருப்பி அடிக்கும். வளைகுடாவுல எல்லாப் பட்டறையிலயும் இப்படித்தான்." செயலாளர் தலையாட்டிவிட்டுப் போனார். இப்போது இதைப் படிக்கும்போது அவருக்குக் கோபம் வரும். வரட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் இல்லாத ஒரு நாள் டேபிளை நடுப்பக்கம் ஓட்டிப் பார்த்தேன். அவர் சொன்ன அளவுக்குத் தேய்மானம் இல்லை என்று நிரூபித்துவிடலாம் என்று எனக்குள் ஒரு எண்ணம். ஒரு சாண் தாண்டியதும் மெஷின் நின்றுவிட்டது. எல்லை தாண்டியாயிற்று என்று திரையில் எழுத்து வந்தது. என்னைக் கேட்காமல் கண்ட்ரோலுக்குள் ஒரு எல்லை போட்டு வைத்திருக்கிறார். உடனே போன் போட்டேன்.

"என் மெஷினுக்கு நீரு வேலி போடுதீரோ?"

"வேலி இல்ல அண்ணாச்சி. அந்தப் பக்கம் இருட்டால்லா இருக்கும்."

போனை வைத்துவிட்டேன். பத்து நாள் பேசவில்லை. பதினோராம் நாள் எலுமிச்சம்பழத்தோடு வந்தார்.

அடக்கத்துக்குப் போனேன். நிறையப் பேர் இருந்தார்கள். என்னை முன்னால் விட்டார்கள். மூன்று பிடி மண் போட்டேன். கண்ணீர் வரவில்லை. மண் கையில் ஒட்டியிருந்தது. அதைக் கழுவ வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். மையவாடி வாசலில் குழாய் இருந்தது. கழுவிவிட்டுப் பஸ் ஏறினேன். புளியங்குடியில் பஸ் நின்றபோது மண்டிப் பக்கம் பார்த்தேன். அங்கே புதிதாகப் பார்க்க ஒன்றும் இல்லை.

ஒன்பது நாள் பட்டறையைத் திறக்கவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை. திறக்கவில்லை, அவ்வளவுதான். பத்தாம் நாள் மெயினைப் போட்டால் திரையில் எல்லா நம்பரும் பூஜ்யம். கண்ட்ரோலுக்குள் ஒரு பேட்டரி உண்டு. மெயின் இல்லாதபோது நினைவைக் காப்பாற்றுவது அதுதான். பேட்டரி தீரப்போகிறது என்று இரண்டு மாதமாகத் திரையில் ஒரு அடையாளம் விட்டுவிட்டு எரிந்துகொண்டிருந்தது. மைதீன் வரும்போது சொல்லலாம் என்றிருந்தேன். ஒன்பது நாள் மெயின் இல்லாமல் பேட்டரி செத்து, அவர் போட்டுவைத்த எல்லாவற்றையும் மெஷின் மறந்துவிட்டது.

மதுரையிலிருந்து ஒரு சர்வீஸ் இன்ஜினியரை வரவழைத்தேன். முப்பத்தைந்து வயது இருக்கும். மரியாதையான ஆள். பேட்டரியை மாற்றிவிட்டு, பழைய நம்பர்கள் எங்காவது எழுதி இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பெட்டிக் கதவை முழுதாகத் திறந்தவர், "இருக்கே சார்" என்றார். கதவின் உள்பக்கம் ஒரு காகிதம், மேலே டேப் ஒட்டி, மைதீனின் சின்னக் கையெழுத்தில். மோட்டாரின் வேகம், ஸ்க்ரூவின் அளவு, எல்லாம் வரிசையாக. நான்கு வருடத்தில் அந்தக் கதவை நான் முழுதாகத் திறந்ததே இல்லை. வயரை நீரு பாரும் என்று நான்தானே சொன்னேன்.

இன்ஜினியர் ஒவ்வொன்றாகப் படித்து அடித்துக்கொண்டு வந்தார். ஒரு வரியில் நின்றார்.

"டேபிள் ஓட்டத்துக்கு எல்லை போட்டிருக்காரு. பாதி ஓட்டம்கூட இல்ல. பக்கத்துல 'ஜன்னல் வரை' அப்படின்னு எழுதியிருக்கு. இது என்ன சார்? எடுத்துட்டு முழு ஓட்டம் குடுத்துரவா? வைஸையும் நடுவுல வெச்சுக்கலாம்."

ஜன்னல் வெளிச்சத்துக்காக என்று வாய் வரைக்கும் வந்தது. அதற்கு ஆமாம் போட ஆள் இல்லை.

"நடுவுல தடம் தேஞ்சிருக்கு" என்றேன். "வாங்கும்போதே தேஞ்சிதான் இருந்துது. அவரு வேண்டாம்னு சொன்னாரு. நாந்தான் வாங்கினேன். அந்த நம்பரை அப்படியே போடுங்க."

அவர் போட்டார். அவருக்கு அது ஒரு நம்பர். மெஷின் ஓரத்தில் காடி வெட்டியது. அளந்தேன். சரியாக இருந்தது.

இனி யாரும் கேட்டால் ஜன்னல் என்று சொல்ல மாட்டேன். மைதீன் சொன்னது சரி, நான் வாங்கியது தப்பு. இதை அவரிடம் சொல்ல நான்கு வருடம் இருந்தது. கருவியோ பணமோ அவர் எனக்கென்று விட்டுப்போகவில்லை. கதவின் உள்பக்கம் அந்தக் காகிதம் இருக்கிறது. அதன் மேல் இன்னொரு டேப் ஒட்டியிருக்கிறேன். வைஸ் இடது ஓரத்தில்தான் இருக்கிறது. மெஷின் ஓடும்போது இன்றும் என் இடது கை லீவர் இருந்த இடத்துக்குப் போகிறது. அங்கே இப்போது லீவர் இல்லை. அவர்தான் கழற்றினார். கையை அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு எடுத்துக்கொள்கிறேன்.